சத்தம் அடங்கிய வண்டிக்கு என்ன நோய்?

இந்தப் பதினைந்து நாளில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மக்காச்சோளப் படைப்புழு பற்றியவை. அவற்றுக்கு அடுத்த இதழில் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தை மட்டும் தள்ளிவைக்க மனம் வரவில்லை. பயிரைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது, முழுக்க மோட்டார் சைக்கிள் சமாச்சாரம். ஆனால் அந்த வண்டி நின்றால் அவர் வீட்டில் பால் பணம் நிற்கும்.

கேள்வி: ஐயா, எங்களிடம் நான்கு கறவை மாடுகள் உள்ளன. என் வீட்டுக்காரர் காலையும் மாலையும் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு 6 கிலோமீட்டர் தள்ளியுள்ள சொசைட்டிக்கு வண்டியில்தான் போகிறார். பழைய 100 சிசி வண்டி. இன்ஜினில் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது என்று போன மாதம் ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். டேப்பட்டை டைட் பண்ணிக் கொடுத்தார்கள். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது, சந்தோஷப்பட்டோம். ஆனால் மூன்று வாரமாகக் காலையில் இருபது, முப்பது உதை உதைத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. கிக்கர் பிடிப்பே இல்லாமல் இறங்குகிறது. கிளம்பிவிட்டால் ஓடுகிறது, நிறுத்தினால் ஆஃப் ஆகிறது. இரண்டு நாள் நேரத்துக்குப் போக முடியாமல் பாலைத் திருப்பிக் கொண்டு வந்தார். புகை எதுவும் இல்லை. இப்போது வேறொரு மெக்கானிக் பார்த்துவிட்டு, 'இன்ஜின் போய்விட்டது, போர் போட்டு பிஸ்டன் மாற்ற வேண்டும், ஏழாயிரம் ஆகும்' என்கிறார். வண்டியை விற்றுவிடலாமா?

பதில்: விற்க வேண்டாம் சகோதரி. ஏழாயிரத்தையும் இப்போதைக்கு எடுத்து வைக்க வேண்டாம். நோய் என்ன என்பதை உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டீர்கள். 'சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது' என்ற வரிதான் அது.

உங்கள் வண்டியின் இன்ஜினுக்கு இரண்டு வாசல்கள். பெட்ரோலும் காற்றும் உள்ளே வர இன்லெட் வால்வு, எரிந்த புகை வெளியேற எக்ஸாஸ்ட் வால்வு. இரண்டையும் மேலிருந்து அழுத்தித் திறப்பது ராக்கர் ஆர்ம் என்கிற சின்ன நெம்புகோல். அந்த நெம்புகோலின் முனையில் ஒரு திருகு இருக்கும். அந்தத் திருகுக்கும் வால்வின் தண்டுக்கும் நடுவே, வால்வு மூடியிருக்கும்போது, மிகச் சிறிய இடைவெளி இருக்க வேண்டும். இதைச் சரியான அளவில் வைப்பதைத்தான் மெக்கானிக்குகள் 'டேப்பட் செட்டிங்' என்கிறார்கள்.

எவ்வளவு சிறியது? பழைய 100 சிசி ஹீரோ ஹோண்டா வண்டிகளுக்கு இரண்டு வால்வுக்குமே 0.05 மி.மீ. நாம் ஜெராக்ஸ் எடுக்கிற தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ. அதில் பாதி. அந்தப் பாதித் தாள் கனம் இல்லாமல் போனதுதான் உங்கள் வீட்டுக்காரரை முப்பது உதை உதைக்க வைக்கிறது.

இரும்பு சூடேறினால் நீளும். வால்வின் தண்டும் நீளும். நீளுவதற்கு இடம் விடாமல் திருகை இறுக்கிவிட்டால், வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்கார முடியாது. கதவை மூடியும் ஒரு நூல் இடுக்கு திறந்தே நிற்பது போலத்தான். பிஸ்டன் மேலே வந்து காற்றை அழுத்தும்போது அது இடுக்கு வழியாக வெளியேறிவிடும். கிக்கர் பிடிப்பில்லாமல் இறங்குவது அதனால்தான். கிளம்பிய பிறகு ஏன் ஓடுகிறது என்றால், இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது கசிவதற்கு நேரம் கிடைப்பதில்லை. மெதுவாகச் சுற்றும் ஐட்லிங்கில் நேரம் கிடைக்கிறது, அணைந்துவிடுகிறது.

இத்தோடு முடிந்தால் பரவாயில்லை, ஸ்டார்டிங் தொல்லை என்று விட்டுவிடலாம். பயப்பட வேண்டியது எக்ஸாஸ்ட் வால்வைப் பற்றித்தான். பாரம் இழுக்கும்போது அதன் தலை 600 டிகிரியைத் தாண்டிச் சூடாகிறது. அந்தச் சூடு பெரும்பாலும் இறங்குவது, வால்வு மூடி இருக்கையில் ஒட்டி உட்காரும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். இன்ஜின் நிமிடத்துக்கு 4500 சுற்று சுற்றினால், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 37 தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது. அதில் கிடைக்கிற இடைவேளை எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடைவேளையிலும் ஒட்டி உட்கார முடியாவிட்டால் சூடு இறங்க வழியில்லை. போதாக்குறைக்கு எரியும் வாயு அந்த இடுக்கு வழியாகவே சீறிப் போகும். வெல்டிங் பட்டறையில் கேஸ் கட்டர் இரும்பை அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான் வால்வின் விளிம்பிலும் நடக்கும்.

இதை நான் புத்தகம் படித்து மட்டும் சொல்லவில்லை. கல்லூரியில் பண்ணை இயந்திரவியல் பாடத்தில் வால்வு இடைவெளி பற்றிப் படித்து, பரீட்சையும் எழுதித் தேறினேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு 100 சிசி வண்டி வாங்கினேன். ஒட்டன்சத்திரம் பக்கம் வேலை. வண்டியில் தையல் மெஷின் போல ஒரு சத்தம். கிராமத்துக்குள் நுழைந்தாலே 'ஆபீசர் வண்டி வருது' என்று பிள்ளைகள் சொல்வார்கள். எனக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது. மெக்கானிக்கிடம் சத்தம் வரக்கூடாது என்று கறாராகச் சொன்னேன். அவரும் அடக்கிக் கொடுத்தார். இரண்டு மாதம் வண்டி பூனை போல ஓடியது.

பிறகு ஒரு நாள் பாச்சலூர் மலைப்பாதையில், ஒரு வாழைத் தோட்டம் பார்க்கப் போகும்போது, மூன்றாவது வளைவில் இழுவை போயிற்று. இரண்டாவது கியர், முதல் கியர், அதற்கப்புறம் ஒன்றுமில்லை. திருப்பி நிறுத்தி, இறக்கத்தில் உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தேன். ஹெட்டைக் கழற்றிக் காட்டினார்கள். எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் எலி கொறித்த தேங்காய் மாதிரி இருந்தது. நான் கோபத்தோடு மெக்கானிக்கைப் பார்க்க, அவர் நிதானமாகச் சொன்னார்: "நீங்கதானுங்க சார் சத்தமே வரக்கூடாதுன்னீங்க." பதில் சொல்ல முடியவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு அந்த வால்வுக்குப் போனது.

ஆகவே சகோதரி, டேப்பட் தளர்ந்தால் சத்தம் வரும், இறுகினால் சத்தம் வராது. தளர்ந்தது கூச்சல் போட்டு நம்மைக் கூப்பிடுகிறது. அதிலும் நஷ்டம் உண்டு. வால்வு முழு உயரம் திறக்காது, இழுவையும் மைலேஜும் குறையும், முட்டி முட்டித் திருகின் முனை தேயும். ஆனால் அது மாதக்கணக்கில் நடக்கிற சேதம். இறுகியதோ வாய் திறக்காமல் வால்வைத் தின்றுவிடும். யாரும் கை வைக்காமலே இறுகுவதும் உண்டு. வால்வின் இருக்கை நாளாக நாளாகத் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கினால் இடைவெளி தானாகக் குறைந்துவிடும். 'சத்தம் இல்லை, அதனால் பார்க்கவில்லை' என்று விடக்கூடாது என்பது இதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லா 'டிக் டிக்'கும் டேப்பட் அல்ல. ஆயில் குறைந்தாலும் மேலே சத்தம் வரும். முதலில் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். இந்த வகை இன்ஜின்களில் டைமிங் செயின் தளர்ந்தாலும் இடது பக்கத்திலிருந்து 'கரகர' என்று ஒரு சத்தம் வரும். செயின் சத்தத்துக்கு டேப்பட்டை இறுக்கினால் சத்தமும் போகாது, வால்வும் போய்விடும்.

வீட்டிலேயே சரி பார்ப்பது எப்படி?

உங்கள் வீட்டுக்காரருக்குத் திருப்புளி, ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு என்றால் தாராளமாகச் செய்யலாம். பழக்கமில்லை என்றால், மெக்கானிக் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்கவாவது இது உதவும். வாங்க வேண்டியது ஒரே ஒரு பொருள்தான், ஃபில்லர் கேஜ். மெல்லிய இரும்புத் தகடுகளை விசிறி போலக் கோத்திருப்பார்கள், ஒவ்வொன்றிலும் கனம் எழுதியிருக்கும். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் சாதாரண ரகம் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். 0.05 தகடு அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிலர் சவர பிளேடை நுழைத்து அளவு வைக்கிறார்கள். பிளேடின் கனம் சுமார் 0.1 மி.மீ., அதாவது இந்த வண்டிக்கு வேண்டியதைப்போல இரண்டு மடங்கு. விரல் உணர்விலேயே வைப்பேன் என்பவர்களும் உண்டு. நாற்பது வருடம் செய்த கை என்றால் நம்பலாம், நமக்கு வேண்டாம்.

இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். தொட்டால் சூடில்லை என்பது போதாது. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யாமலே பார்க்க வேண்டும். பால் ஊற்றப் போக வேண்டிய நாளில் இதைத் தொடங்காதீர்கள்; அன்றைக்கு யாரிடமாவது வண்டி இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்தில் செய்தால் முழுப் பலனும் போகும்.

ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துவிட்டு, ஹெட்டைச் சுற்றி நன்றாகத் துடையுங்கள். நம் வண்டிகளில் மண்ணும் வைக்கோல் தூசியும் அடை அடையாக ஒட்டியிருக்கும். மூடியைத் திறந்ததும் அது உள்ளே விழும். பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இன்ஜினைக் கையால் சுற்ற லேசாக இருக்கும். ஹெட்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வட்ட மூடிகள். கார்புரேட்டர் இருக்கும் மேல் பக்கம் இன்லெட், சைலன்சர் தொடங்கும் கீழ்ப் பக்கம் எக்ஸாஸ்ட். இடது பக்க இன்ஜின் கவரிலும் இரண்டு மூடிகள் உண்டு. நடுவில் இருப்பதைத் திறந்தால் மேக்னெட் நட்டு தெரியும், மேலே சிறியதைத் திறந்தால் மேக்னெட்டின் விளிம்பு தெரியும்.

நடு நட்டில் பாக்ஸ் ஸ்பேனர் போட்டு இன்ஜினை மெதுவாக இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். பாக்ஸ் ஸ்பேனர் இல்லையென்றால் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, வண்டி முன்னே போகும் திசையில் கையால் சுற்றினாலும் போதும். மேல் மூடி வழியாகப் பார்த்தால் இன்லெட் வால்வு கீழே அழுந்தி மறுபடி எழுவது தெரியும். அது எழுந்த பிறகு இன்னும் கொஞ்சம் சுற்ற, சின்ன ஓட்டை வழியாக மேக்னெட்டில் முதலில் 'எஃப்' என்றும் அதை அடுத்து 'டி' என்றும் ஆங்கில எழுத்துகள் வரும். 'டி' பக்கத்திலுள்ள கோடு, கவரில் இருக்கும் வெட்டுக்கு நேராக வந்ததும் நிறுத்துங்கள். 'எஃப்' கரண்டு அடிக்கும் நேரத்துக்கான குறி; அதில் நிறுத்தக்கூடாது.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 'டி' குறி இரண்டு சந்தர்ப்பங்களில் நேராக வரும். காற்று அழுந்தி முடியும் நேரத்தில் ஒருமுறை, புகை வெளியேறி முடியும் நேரத்தில் இன்னொரு முறை. நமக்கு வேண்டியது முதலாவது. அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், இரண்டு ராக்கரையும் விரலால் பிடித்தால் துளி ஆட்டம் தெரியும். இரண்டாவதில் நிறுத்திவிட்டால் ராக்கர்கள் இறுக்கமாக இருக்கும். அதைப் பார்த்துத் திருகைத் தளர்த்தினால் எல்லாம் தப்பாகிவிடும். சந்தேகம் வந்தால் இன்னொரு முழுச் சுற்று சுற்றி மறுபடி 'டி'க்குக் கொண்டு வந்து பாருங்கள். உங்கள் வண்டியில் அளவுக்கு மீறி இறுக்கியிருப்பதால் இரண்டு தடவையும் ஆட்டமே இல்லாமல் இருக்கலாம். அதனால்தான் இன்லெட் வால்வு அழுந்தி எழுவதை அடையாளம் வைக்கச் சொன்னேன்.

இனி 0.05 தகட்டைத் திருகு முனைக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே விடுங்கள். நுழையவே இல்லையென்றால் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். பூட்டு நட்டை ஸ்பேனரால் தளர்த்தி, சதுரத் தலைத் திருகைச் சிறு குறடால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். தகடு எப்படி நகர வேண்டும் என்றால், நோட்டுப் புத்தகத்தின் நடுவே ஒரு தாளை வைத்து மேலே கையை லேசாக வைத்துக்கொண்டு உருவினால் ஒரு பிடிப்பு தெரியும் அல்லவா, அந்தப் பிடிப்போடு நகர வேண்டும். பிறகு திருகை அசையாமல் பிடித்துக்கொண்டே பூட்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது திருகும் கூடவே ஒரு மயிரிழை திரும்பிவிடும், அளவு மாறிவிடும். ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி தகடு விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். எனக்கு இப்போதும் மூன்று தடவையாவது பிடிக்கிறது. 0.05 பிடிப்போடு போக வேண்டும், 0.10 போகவே கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் அளவு சரி.

மூடிகளைப் போடும்போது ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள், வெடித்திருந்தால் ஆயில் கசியும். மூடியைப் பலங்கொண்ட மட்டும் முறுக்க வேண்டாம், அலுமினியத் தரை மழுங்கிவிடும்.

சரி செய்தும் கிளம்பாவிட்டால்?

பெரும்பாலும் கிளம்பிவிடும். மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது என்பதால் நம்பிக்கையோடு சொல்கிறேன். டேப்பட் சரியான பிறகு கிக்கரில் பழைய பிடிப்பு வந்துவிட்டதா என்று பாருங்கள். ஓரிரு நாள் ஓட்டியும் பிடிப்பு வரவில்லையென்றால், வால்வு விளிம்பு கொஞ்சம் தீய்ந்திருக்கலாம். அப்போது ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றியதும் பிளக்கை மாட்டி ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வு மூடியிருக்கையில் இரண்டு வாசல் வழியாகவும் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள். எரிகிற குழிவின் பக்கம் எந்த வால்வு ஓரத்தில் கசிகிறதோ அதுதான் குற்றவாளி. லேசான கசிவு என்றால் பேஸ்ட் போட்டு வால்வைத் தேய்த்து உட்கார வைத்தால் போதும். ஓரம் கொறித்திருந்தால் அந்த ஒரு வால்வை மாற்ற வேண்டும். எதுவானாலும் போர், பிஸ்டன் வேலையோடு ஒப்பிட்டால் சின்னச் செலவுதான்.

பிஸ்டன், ரிங் தேய்ந்த வண்டி நீலப் புகை விடும், ஆயில் குடிக்கும். உங்கள் வண்டியில் புகை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றிப் பிடிப்பு கூடுகிறதா என்று பார்த்து, கூடினால் ரிங் கோளாறு என்று சொல்வதுண்டு. சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும் இன்ஜினுக்கு அது சரி. உங்கள் வண்டியில் சிலிண்டர் படுத்திருப்பதால் ஆயில் ஒரு பக்கமே தேங்கும். அதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

மற்ற வண்டிக்காரர்களுக்கு

மேலே சொன்ன 0.05 எல்லா வண்டிக்கும் பொருந்தாது. பஜாஜ் சிடி 100 வகைக்கு இன்லெட் 0.05, எக்ஸாஸ்ட் 0.10. எக்ஸாஸ்ட் அதிகம் சூடாவதால் அதற்கு இடம் கூடுதல். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் கணக்கே வேறு. இடைவெளி கிடையாது, இன்ஜின் குளிர்ந்திருக்கையில் தள்ளுகோல் மேலும் கீழும் ஆடாமல், விரலால் உருட்டினால் தடையின்றிச் சுற்ற வேண்டும். வண்டியோடு கொடுத்த கையேட்டில் உங்கள் மாடலுக்குரிய அளவு இருக்கும். தொலைந்திருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டு, பெட்ரோல் டேங்க் மூடிக்கு அடியில் மார்க்கரால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். 3000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கவும் செய்கிறேன்.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். அதற்கு வால்வும் இல்லை, டேப்பட்டும் இல்லை. எக்ஸ்எல் 100 நான்கு ஸ்ட்ரோக் வண்டி; அதற்கு உண்டு. பவர் டில்லர், டீசல் பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கும் வேலை இதேதான், அளவு மட்டும் வேறு. அந்த இன்ஜின்களுக்கு ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும், ஓட்டுவதற்கு முன்பு, குளிர்ந்த நிலையில் பார்த்துவிடுங்கள்.

சகோதரி, டேப்பட் சரி செய்த பிறகு முதல் நாள் காலையில் லேசாக ஒரு 'டிக் டிக்' கேட்கும். ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்கு முன் கேட்ட அளவுக்கு இருக்காது, ஆனால் காது கொடுத்தால் கேட்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். எத்தனையாவது உதையில் கிளம்பியது என்று மட்டும் எனக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள்.